ரவி ராஜினாமா செய்தார் மேலாளர் புன்னகைத்தார்: நடுவில் எந்தப் புள்ளி?

‘ரவி ரிஸைன்ட்’ என்று ஓர் ஆங்கில வாக்கியம். ‘தி மேனேஜர் ஸ்மைல்ட்’ என்று இன்னொன்று. ரவி ராஜினாமா செய்தார், மேலாளர் புன்னகைத்தார். அவ்வளவுதான் செய்தி. இரண்டையும் அடுத்தடுத்து எழுத வேண்டும். இடையில் என்ன போடுவது? (பஸ் நிலையக் கடைகளில் விற்கும் ஆங்கிலப் பேச்சு வழிகாட்டிகளைப் போல ஆங்கிலத்தையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

உறவினர்களும் நண்பர்களும் ஆங்கிலத்தில் எழுதும் விண்ணப்பங்கள், அறிக்கைகள், விளக்கக் கடிதங்கள் ஆகியவற்றைத் திருத்திக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்த வேலை. எழுத்துப்பிழை இப்போது குறைந்துவிட்டது. கணினியே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடுகிறது. ஆனால் பட்டம் பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒரு வினைமுற்று முடிந்து அடுத்த செய்தி தொடங்குகிற அந்தச் சிறிய இடைவெளிதான் அது.

வழுக்குவதற்குப் பாதிக் காரணம் நாம் இந்தக் குறிகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் என்பது என் எண்ணம். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. படியில் அரிசி அளப்பதுபோல இருக்கிறது. பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் வாசிக்கவும் கற்றுத் தந்தார்கள்: காற்புள்ளி வந்தால் ஒன்று எண்ணு, அரைப்புள்ளி வந்தால் இரண்டு எண்ணு. ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் இந்தக் கணக்கைத்தான் சொன்னார்கள். 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லௌத், அரைப்புள்ளி காற்புள்ளியைப் போல் இரு மடங்கு நிறுத்தம், முக்காற்புள்ளி அதைப் போல் இரு மடங்கு, முற்றுப்புள்ளி அதற்கும் இரு மடங்கு என்று எழுதினார். அவர் சொன்னபடி பார்த்தால் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. நம்முடையது கூட்டல் கணக்கு, அவருடையது பெருக்கல் கணக்கு.

குறிகள் பிறந்தபோது அவற்றுக்கு வேலையும் வாய்விட்டு வாசிப்பதற்கு உதவுவதுதான். அலெக்ஸாந்திரியா நூலகத்தில் பணியாற்றிய பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ், கிறிஸ்துவுக்கு முன்பே, மூன்று உயரங்களில் மூன்று புள்ளிகள் வைத்து மூச்சுவிடும் இடங்களைக் காட்டினார். அரைப்புள்ளி மிகவும் பின்னால் வந்தது. 1490களில் வெனிஸ் நகரில், ஆல்டஸ் மனுட்டியஸ் என்பவரின் அச்சகத்தில் வார்க்கப்பட்டது. அதன்பின் ஐந்நூறு ஆண்டுகளில் ஆங்கிலம் மௌன வாசிப்புக்கு மாறிவிட்டது. இன்று ஆங்கிலத்தில் புள்ளி வைக்கும்போது மூச்சைக் கேட்டால் தவறான பதில்தான் கிடைக்கும். இரண்டு செய்திகளுக்கும் இடையே என்ன உறவு என்று கேட்க வேண்டும்.

காற்புள்ளி மட்டும் போதுமா?

போதாது. இதில்தான் நம் தாய்மொழி நம்மைக் காட்டிக்கொடுக்கிறது.

‘ரவி ராஜினாமா செய்துவிட்டு, மேசையைத் துடைத்து, சாவியை ஒப்படைத்து, படியிறங்கினார்.’ இதில் வினைகள் நான்கு, முற்று ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் எச்சங்கள். கடைசி வினையை எதிர்பார்த்துக் காத்து நிற்பவை. அவற்றைப் பிரிக்கக் காற்புள்ளி தாராளமாகப் போதும், சொல்லப்போனால் அதுகூடத் தேவையில்லை. இரண்டு முற்றுகள் வந்தாலும் தமிழ் கோபித்துக்கொள்வதில்லை. முதல் பத்தியில் நானே ‘ரவி ராஜினாமா செய்தார், மேலாளர் புன்னகைத்தார்’ என்று எழுதினேன். உங்களில் எத்தனை பேருக்கு அது உறுத்தியது?

அதையே ‘ரவி ரிஸைன்ட், தி மேனேஜர் ஸ்மைல்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதற்கு ஒரு குற்றப்பெயர் இருக்கிறது: காமா ஸ்ப்ளைஸ். இரண்டு கயிற்று முனைகளைப் புரி பிரித்துப் பின்னி இணைப்பதற்கு ஸ்ப்ளைஸ் என்று பெயர். காற்புள்ளியைக்கொண்டு அப்படிப் பின்ன முடியாது, அவிழ்ந்துவிடும் என்பது ஆங்கில இலக்கணத்தின் கட்சி. ஜூலியஸ் சீசரின் ‘வந்தேன், கண்டேன், வென்றேன்’ மட்டும் ஆங்கிலத்திலும் காற்புள்ளியோடு தப்பிவிடுகிறது. மூன்றும் குட்டை வாக்கியங்கள், மூன்றுக்கும் எழுவாய் ஒன்று, மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. அத்துடன், சொன்னவர் சீசர். விடுப்பு விண்ணப்பத்தில் அந்தச் சலுகை நமக்குக் கிடைக்காது.

சோதித்துப் பார்க்க எளிய வழி: காற்புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதைத் தனியே படியுங்கள், வலப்பக்கம் இருப்பதைத் தனியே படியுங்கள். இரண்டிலும் எழுவாயும் முற்றும் இருந்து, இரண்டும் சொந்தக் காலில் நின்றால், அங்கே காற்புள்ளி தனியாக இருக்கக் கூடாது.

துணைக்கு ஒரு சொல்

காற்புள்ளியோடு ஓர் இணைப்புச்சொல்லைச் சேர்த்தால் பின்னல் இறுகிவிடும். ‘ரவி ரிஸைன்ட், அண்ட் தி மேனேஜர் ஸ்மைல்ட்.’ இந்த உரிமை பெற்ற சொற்கள் ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. ‘அண்ட்’ வரிசையை மட்டும் சொல்லும்; ‘பட்’ போட்டால் மேலாளர் வருந்தியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உள்ளே வரும்; ‘ஸோ’ போட்டால் ராஜினாமாதான் புன்னகைக்குக் காரணம் என்று பகிரங்கமாகச் சொன்னதாகிவிடும். சந்தேகம் வந்தால் இந்த வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். அழகு குறைவு, ஆபத்தும் குறைவு.

ஆபத்து வருவது ‘ஹவெவர்’ என்ற எட்டாவது ஆளால். நமக்கு ‘ஆனால்’ என்றாலும் ‘எனினும்’ என்றாலும் இலக்கணத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே ‘பட்’ நிற்கும் இடத்தில் ‘ஹவெவர்’ என்பதை நிறுத்தினால் வாக்கியம் கனமாகும் என்று நம்பி, இருபுறமும் காற்புள்ளி வைத்துவிடுகிறோம். ஆங்கிலக் கணக்கில் ‘ஹவெவர்’ வினையடை. இரண்டு முற்றுகளைக் கட்டும் பலம் அதற்குக் கிடையாது. அதற்கு முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வர வேண்டும், பின்னால் காற்புள்ளி வர வேண்டும். ‘தேர்ஃபோர்’, ‘மோர்ஓவர்’ ஆகியவற்றுக்கும் இதே சட்டம்தான். நான் திருத்திய கடிதங்களில் ‘ஹவெவர்’ இருந்தவற்றைத் தனியே அடுக்கினால் பெரும்பாலானவற்றில் அதன் இடப்பக்கத்தில் என் சிவப்பு மை இருக்கும்.

அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும்

பெயரில் கால் பங்குதான் வித்தியாசம். வேலையில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

‘ரவி ரிஸைன்ட்; தி மேனேஜர் ஸ்மைல்ட்.’ அரைப்புள்ளி ஒரு தராசு. இரண்டு தட்டிலும் சம எடையுள்ள முழு வாக்கியங்கள் இருக்க வேண்டும். ‘இவை தொடர்புடையவை, எப்படித் தொடர்பு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்’ என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு எழுதியவர் ஒதுங்கிக்கொள்கிறார். அலுவலக வம்பு எழுதுவதற்கு இதைவிடச் சிறந்த குறி கிடையாது. ‘அண்ட்’ போட்டால் தொனி கெட்டுவிடும், முற்றுப்புள்ளி வைத்தால் குறிப்பு தவறிவிடும்.

முக்காற்புள்ளி ஒருவழிப் பாதை. இடப்பக்கம் ஒரு கேள்வியை எழுப்ப, வலப்பக்கம் அதற்கு விடை தர வேண்டும். ஆகவே நம் ரவியை இடம் மாற்றினால்தான் அது பொருந்தும்: ‘தி மேனேஜர் ஸ்மைல்ட்: ரவி ஹேட் ரிஸைன்ட்.’ மேலாளர் ஏன் புன்னகைத்தார்? ரவி போய்விட்டார். தராசின் தட்டுகளை மாற்றி வைத்தாலும் எடை மாறாது. இங்கே மாற்றினால் பொருளே போய்விடும். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் இடையே தயங்கினால், இரண்டு வாக்கியங்களையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

அரைப்புள்ளி அலங்காரம், தேவைப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களை விசாரிப்பதற்கான சாசனம் 1945 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் கையெழுத்தானது. அதன் ஆறாம் பிரிவு மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களை வரையறுத்தது. போருக்கு முன்போ போரின்போதோ குடிமக்களைக் கொல்வது, அடிமைப்படுத்துவது, நாடுகடத்துவது போன்றவை முதல் பாதி. அரசியல், இன, மதக் காரணங்களுக்காகத் துன்புறுத்துவது இரண்டாம் பாதி. இந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரும் வேறொரு குற்றத்தோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கடைசியில் நின்றது. ஆங்கில, பிரெஞ்சுப் பிரதிகளில் இரண்டு பாதிகளுக்கும் நடுவே அரைப்புள்ளி இருந்தது. ரஷ்யப் பிரதியில் காற்புள்ளி.

அரைப்புள்ளி என்றால் நிபந்தனை இரண்டாம் பாதியோடு நின்றுவிடும். போருக்கு முன் ஜெர்மனிக்குள்ளேயே நடந்த கொலைகளைத் தனிக் குற்றமாக விசாரிக்கலாம். காற்புள்ளி என்றால் நிபந்தனை முழு வாக்கியத்தையும் பிடித்துக்கொள்ளும். போரோடு தொடர்பை நிறுவியாக வேண்டும். 1945 அக்டோபர் 6 அன்று நான்கு வல்லரசுகளும் பெர்லினில் கூடித் தனியாக ஓர் உடன்படிக்கையே செய்து, அரைப்புள்ளியை நீக்கிக் காற்புள்ளியை வைத்தன. 1939க்கு முன் நடந்த கொடுமைகளை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று பொதுவாக அறிவிக்க இயலாது எனத் தீர்ப்பில் நீதிபதிகள் எழுதினார்கள்.

முற்றுப்புள்ளியும் கோடும்

முற்றுப்புள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒருபோதும் தவறாகாது. ஆனால் தொடர்ந்து ஆறு வாக்கியங்களுக்கு அதையே வைத்தால் காவல் நிலையத்தில் எழுதிய புகார் மனுபோல ஒலிக்கும்.

கோடு திருப்பத்துக்கு உரியது. ‘ரவி ரிஸைன்ட்’, பிறகு ஒரு நீண்ட கோடு, பிறகு ‘தி மேனேஜர் ஸ்மைல்ட்’. வாசகர் ஒரு கணம் அந்தரத்தில் நின்று கீழே இறங்குவார். அமெரிக்கர்கள் நீண்ட கோட்டை இருபுறமும் இடைவெளியின்றி ஒட்டி எழுதுகிறார்கள். பிரிட்டனில் பெரும்பாலோர் சற்றே குட்டையான கோட்டை இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். பக்கத்துக்கு ஒன்று என்றால் சுவை. ஐந்து என்றால், எழுதியவர் முடிவெடுக்கத் தெரியாமல் எல்லாப் புள்ளிகளுக்கும் பதிலாக அதையே போட்டிருக்கிறார் என்று பொருள். போதாக்குறைக்கு, இப்போது கோட்டைக் கண்டாலே கணினி எழுதித் தந்ததோ என்று சந்தேகிக்கிறார்கள்.

போடலாமா, விடலாமா?

இதுவரை பார்த்தது இரண்டு முற்றுகளுக்கு இடையிலான போட்டி. ஒரு பக்கம் முற்று, மறுபக்கம் சார்ந்து நிற்கும் துணைவாக்கியம் என்றால் போட்டி வேறு: காற்புள்ளி போடுவதா, ஒன்றும் போடாமல் விடுவதா? பொதுவிதி எளிது. துணைவாக்கியம் முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள்தான் சூட்சுமம். ‘ரவி டிட் நாட் ரிஸைன், பிகாஸ் ஹி வாஸ் அஃப்ரெய்ட்.’ ரவி வேலையை விடவில்லை; காரணம், பயம். காற்புள்ளியை எடுத்துவிடுங்கள். ரவி வேலையை விட்டுவிட்டார், ஆனால் பயத்தால் விடவில்லை என்றும் படிக்க இடம் வந்துவிடுகிறது. ஒரு புள்ளியில் ஒருவருக்கு வேலை இருக்கிறது, அல்லது இல்லை.

கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் என்ற இரு நிறுவனங்கள் மின்கம்பங்களைப் பயன்படுத்துவதற்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் இப்படித்தான் சிக்கியது. ஒப்பந்தம் ஐந்தாண்டுகள் நீடிக்கும், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும், ஓராண்டு முன்னறிவிப்பு தந்து முடித்துக்கொண்டால் ஒழிய. அந்த ‘ஒழிய’ பகுதிக்கு முன்னால் ஒரு காற்புள்ளி இருந்தது. அதனால் ரத்து செய்யும் உரிமை முதல் ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்துத்தான் என்று 2006இல் ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்தது. மறு ஆண்டு அதே ஆணையம் ஒப்பந்தத்தின் பிரெஞ்சுப் பிரதியைப் பார்த்து முடிவை மாற்றிக்கொண்டது. பிரெஞ்சு வாக்கியத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

தமிழ் கைவிடும் இடமும் ஒன்று இருக்கிறது. ‘மதுரையில் வசிக்கும் என் அண்ணன்’ என்கிறோம். அண்ணன் ஒருவர்தானா, பலரில் ஒருவரா? பெயரெச்சம் சொல்லாது, கேட்பவருக்குக் குடும்பம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை,’ என்று இருபுறமும் காற்புள்ளி வைத்தால் அண்ணன் ஒருவர்தான், மதுரை வெறும் கூடுதல் தகவல். வைக்காவிட்டால் பல சகோதரர்களில் மதுரைக்காரரைத் தேர்ந்து சொல்வதாகப் பொருள்.

உறவுக்காரர் ஒருவர் விசாவுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தார். ‘மை ஒய்ஃப் ஹூ லிவ்ஸ் இன் திருச்சி’ என்று மனைவியைக் குறிப்பிட்டிருந்தார், காற்புள்ளி ஏதுமில்லாமல். இரண்டு இடங்களில் நான் புள்ளி வைத்தேன்.

“இது எதற்கு மாமா?” என்றார்.

“இது இல்லாவிட்டால், திருச்சியில் இல்லாத மனைவி எங்கே இருக்கிறாள் என்று அதிகாரி கேட்பார்.”

கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பேனாவைக் கேட்டார். என் புள்ளிகள் இரண்டையும் மையை அழுத்தித் தடிமனாக்கிக்கொண்டு போனார்.