பற்றரி அறைக்கு ஆர்சீன் குழாய்: வாங்கலாமா?

பற்றரி மின்னேற்றும் அறையில் ஐதரசன் சேர்ந்தால் வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈயத் தகடுகளை உறுதியாக்கச் சேர்க்கும் ஆசனிக்கும் அந்திமனியும், அளவு மீறி மின்னேற்றும்போது அதே ஐதரசனுடன் கூடி ஆர்சீன், ஸ்டிபீன் என்னும் நச்சு வாயுக்களாக வெளியேறக்கூடும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நுவரெலியாக் குளிருக்குப் பயந்து யன்னல்களை அடைத்தே வைத்திருக்கும் எங்கள் தோட்டத் தொழிற்சாலை அறைக்காகவே ஆர்சீனை நிறமாற்றத்தால் காட்டும் இந்தக் கண்ணாடிக் குழாய்களையும், அவற்றினூடாக வளியை இழுக்கும் கைப்பம்பியையும் வாங்கினோம்.

குழாயின் இரு முனைகளையும் ஒடித்து, அம்புக்குறி பம்பியை நோக்கும்படி செருகி, இருபது தடவை அழுத்தினால் இரண்டு லீற்றர் வளி அதனூடாக இழுக்கப்படுகிறது. ஆர்சீன் பட்டதும் உள்ளிருக்கும் தங்கச் சேர்மம் நுண்ணிய தங்கத் துகள்களாக மாறுவதால், வெண்மை சாம்பல் கலந்த ஊதாவாகிறது. மங்கிய மின்குமிழின் கீழ் அந்த முதல் சாயலைப் பிடிப்பது கடினம். ஒடிக்காத குழாயொன்றைப் பக்கத்தில் வைத்து, வெள்ளைத் தாளின் மேல் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது.

மலையகத்தில் பாவிப்போர் தவறவிடக்கூடாதது அமுக்கத் திருத்தம். குழாயின் அளவுக்கோடுகள் 1013 ஹெக்டோபஸ்கால் அமுக்கத்துக்கு உரியவை. நுவரெலியாவின் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அது 810 அளவுக்கு இறங்கிவிடுவதால், வாசிப்பை 1.25 ஆல் பெருக்க வேண்டும். ஹட்டனில் 1.15க்குச் சற்று மேல் போதும்.

பெரிய குறை உணர்திறனில்தான். பத்து இலட்சத்துக்கு 0.05 பங்குக்குக் கீழே இது எதையும் காட்டாது. பணியிட வளியில் ஆர்சீனுக்கு அமெரிக்க அரசு வைத்த எட்டு மணி நேரச் சராசரி எல்லை அதே 0.05, அந்நாட்டுத் தொழில்சார் சுகாதார நிபுணர்கள் பரிந்துரைப்பதோ 0.005. எனவே நிறம் மாறாத குழாயைக் காட்டி அறை பாதுகாப்பானது என்று எழுதிக் கொடுக்க முடியாது. அதற்கு, கரி நிரப்பிய குழாயில் மெதுவாக வளியை இழுத்து, ஆய்வுகூடத்தில் கிராபைற்று உலை அணு உறிஞ்சல் முறையால் ஆசனிக்கை அளக்க வேண்டும்.

ஸ்டிபீனும் இதே நிறத்தைத் தருகிறது. இரண்டுமே செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை என்பதால் பற்றரி அறையில் அதை நான் குறையாகக் கொள்ளவில்லை. பொசுபீனும் நிறம் மாற்றுமாதலால், அவ்வாயுவை வெளிவிடும் அலுமினியம் பொசுபைட்டு வில்லைகளால் புகையூட்டிய களஞ்சியத்தில் இதை நம்ப வேண்டாம்.

ஆர்சீனின் பூண்டு மணத்தை நம்பியிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். அந்த மணம் தெரியும்போது எல்லை பல மடங்கு தாண்டியிருக்கும். வாங்கலாம். வாங்கினால் மின்னேற்றம் முடியும் தறுவாயில், தரைக்கு அருகிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஆர்சீன் வளியைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு கனமானது.