ராயல் கேனின் ஹைபோஅலர்ஜெனிக்: ஜூலிக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்த அனுபவம்

உங்கள் நாய் வருஷம் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கிறதா, காதில் திரும்பத் திரும்பப் புண் வருகிறதா, டாக்டரும் சாப்பாட்டைச் சந்தேகப்படுகிறாரா? அப்படியானால் இந்த நாய்த் தீனியை தைரியமாக வாங்கலாம். ஆனால் 8 வாரத்துக்கு வேறு எதுவும் வாயில் படாமல் பார்த்துக்கொள்ள முடியாது என்றால் வாங்காதீர்கள், காசு வீண்.

எங்கள் வீடு குளச்சல் பக்கம். ஜூலி லாப்ரடார், 4 வயது. ஒன்றரை வருஷமாக முன்னங்கால்களை நக்கி நக்கி முடியெல்லாம் எச்சில் கறை பிடித்துப் பழுப்பாகிவிட்டது, பின்புறத்தைத் தரையில் இழுத்துத் தேய்ப்பாள், காதில் புளித்த வாடை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளிக்குப் போவாள். தெள்ளு, உண்ணி என்று நினைத்து அதற்குத்தான் முதலில் மருந்து போட்டோம். அதைச் செய்யாமல் சாப்பாட்டைக் குறை சொல்லவும் முடியாது. ஊசி போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். மழைக்காலமா வெயில்காலமா என்ற வித்தியாசமே கிடையாது. இதை வைத்துத்தான் டாக்டருக்குச் சாப்பாட்டின் மேல் சந்தேகம் வந்தது. நான் ஏற்கெனவே செலவு செய்து எடுத்து வைத்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் ஓரமாக வைத்துவிட்டார். உணவு ஒவ்வாமைக்கு அதை நம்ப முடியாதாம், பழைய சாப்பாட்டை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி என்றார்.

நாய் அதுவரை சாப்பிடாத ஒரு இறைச்சியைக் கொடுத்துப் பாருங்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அதற்கு மீனைச் சொல்வார்கள். நம்ம ஊரில் அது எப்படி நடக்கும்? ஜூலி குட்டியிலிருந்தே சாளைத் தலை தின்று வளர்ந்தவள். கோழி, மாட்டுக்கறி, முட்டை, பால் எல்லாம் பார்த்தாயிற்று, புதிதாகக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் இந்தப் பை. இதில் சோயா புரதத்தை மிகச் சின்னத் துண்டுகளாக உடைத்திருக்கிறார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது இன்ன புரதம் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு. மாவுச்சத்துக்கு அரிசி.

இதற்கு முன்னால் வேறு ஒரு கம்பெனியின் 'ஆட்டிறைச்சி' தீனியை வாங்கி ஏமாந்தோம். முன்பக்கம் ஆட்டுப் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் கோழித் தூள். பையைத் திருப்பி முழுப் பட்டியலையும் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

முதல் வாரம் பழைய சாப்பாட்டோடு கலந்து மெதுவாக மாற்றினோம், கணக்கு அதற்குப் பிறகுதான். மூன்றாம் வாரம் மலம் கெட்டியானது, தடவையும் குறைந்தது. நாலாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா, "ஒரு துண்டுதானே மக்கா, பாவம், பாத்துக்கிட்டே நிக்குது" என்று பொரித்த கோழியைப் போட்டுவிட்டார். பாசத்தில் செய்ததுதான், ஆனால் மறுநாளே பாதத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள், நாங்கள் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கினோம். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது: மாட்டிறைச்சி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரையும், மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் பிஸ்கட்டும்கூட இந்த 8 வாரம் கூடாது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 8 வாரத்துக்குள் குணம் தெரிந்துவிடும், அதனால்தான் டாக்டர்கள் அந்தக் கணக்கில் நிற்கிறார்கள்.

விலை சாதாரணத் தீனியைவிட மிகவும் கூட, லாப்ரடாருக்கு ஒரு பை சீக்கிரம் தீர்ந்துவிடும். கடல் காற்றில் நமத்துப் போகாமல் இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். ஜூலிக்கு ருசி பிடித்திருந்தது.

இரண்டாவது முறை 8 வாரம் முடிந்தபோது காது காய்ந்திருந்தது, சொறிவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழிக்கு இரண்டாம் நாளே பாதம் சிவந்தது, உடனே நிறுத்தினோம். மாட்டுக்கறிக்கும் பிரச்சினை இல்லை. இப்போது பையை விட்டுவிட்டோம். வேகவைத்த அயிலையும் சோறும் கொடுக்கிறோம், கால்சியமும் வைட்டமினும் டாக்டர் அளவு சொல்லிக் கொடுத்திருக்கிறார். முன்னங்காலில் புது முடி வெள்ளையாகவே வளர்ந்து வருகிறது.