84,000 ரூபாய் வாங்கிக்கொண்டு குளிர்நாட்டுக் கருவியை மாட்டிவிட்டுப் போனார்கள்: புதுச்சேரி, கடலூர் மக்கள் கவனத்துக்கு

84,000 ரூபாய். வீட்டு ஏசிக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டித் தருவதாகச் சொல்லி முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, இப்போது போனை எடுக்கக்கூட மனமில்லாமல் இருக்கிறார் ஒரு கடைக்காரர். புதுச்சேரியில் ‘ஸ்மார்ட் ஹோம்’ சாமான்கள் விற்கும் கண்ணாடி வைத்த கடை. வழக்குப் போடப் போவதால் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பெயர் இல்லாவிட்டாலும் நடந்ததை எழுதியே தீர வேண்டும். எங்கள் லாஸ்பேட்டையிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ இன்னொரு குடும்பம் இப்படி அழக்கூடாது. என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

அண்ணன் பிரான்ஸில் வேலை பார்க்கிறார். அப்பா அம்மாவுக்காக அவர் கட்டிய வீடு இது. கட்டும்போதே ஃபால்ஸ் சீலிங்குக்குள் டக்ட் ஏசி போட்டுவிட்டார். ஒரே மெஷினிலிருந்து ஹால், அப்பா அம்மா அறை, மேற்குப் பக்கம் என் மகன் படிக்கும் அறை என்று மூன்று இடங்களுக்கும் குளிர்காற்று போகும். ஆனால் அறையின் சூட்டைப் பார்த்து மெஷினை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஹாலில் மட்டும்தான் இருந்தது. ஹால் குளிர்ந்ததும் மெஷின் நின்றுவிடும். பிற்பகல் வெயில் நேராகச் சுவரில் அடிக்கும் மகனின் அறை அப்போதும் கொதிக்கும். அவனுக்காக அளவைக் குறைத்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிடும். அண்ணன் அங்கே தன் வீட்டில் அறைக்கு ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாற்றியிருந்தார். இங்கேயும் அப்படிச் செய்துவிடலாம் என்று பணம் அனுப்பினார்.

கடைக்காரர் நேரிலேயே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டியவர் என்று தெரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. தன் தாத்தாவும் அதே மில்தான் என்றார். 2020-ல் மில்லை மூடியது, வரவேண்டிய பணத்துக்குத் தொழிலாளர்கள் அலைந்தது என்று இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா காபி கொடுத்தார். புறப்படும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இது என் வீடு மாதிரி. ஏதாவது ஒன்று என்றால் நள்ளிரவிலும் வந்து நிற்பேன்” என்றார். அப்பா அதை அப்படியே நம்பினார். அவர் போன பிறகு, “நல்ல குடும்பத்துப் பிள்ளை” என்று அம்மாவிடம் சொன்னார். அந்தக் கைப்பிடியை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆயுள் முழுக்கத் தறியில் நின்ற மனிதரிடம் மில்லைப் பற்றிப் பேசியா உள்ளே நுழைவது?

முன்பணம் 40,000 யுபிஐயில் அனுப்பினோம். வேலை முடிந்த அன்று சர்வர் கோளாறு என்று சொல்லி மீதி 44,000-ஐ ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். கையில் கொடுத்தது ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு. மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்டிருந்தது, கீழே மொத்தம் 84,000. ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பையன் அதையும் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அறைக்கு ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள்; அந்தந்த அறையின் காற்று வழியைத் திறந்து மூடுவது அதுதான். அன்று மாலை மூன்று அறைகளும் ஜில்லென்று இருந்தன. மறுநாளே எல்லாம் தலைகீழ். அப்பா அம்மா அறையில் 26 வைத்தால் 22-க்கு இறங்கியும் மெஷின் நிற்கவில்லை. குளிர் தாங்காமல் அம்மா எழுந்து 28-க்கு ஏற்றினார். காற்று நிற்கவே இல்லை. மகன் அறையிலோ 33 டிகிரி, காற்று வரும் வழியே மூடிக்கிடந்தது. அவன் 20-க்கு இறக்கிப் பார்த்தான், அப்போதும் திறக்கவில்லை. கடைக்குப் போன் செய்தேன். “அக்கா, அது ஸ்மார்ட் சிஸ்டம். உங்கள் வீட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு வாரத்துக்கு யாரும் கை வைக்காதீர்கள்” என்று பதில் வந்தது.

அந்த ஒரு வாரம் முடிவதற்குள் ஃபால்ஸ் சீலிங் ஊறி, நடு இரவில் அப்பாவின் கட்டிலில் தண்ணீர் சொட்டியது. வில்லியனூரிலிருந்து தெரிந்த ஏசி மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே காற்றைக் குளிரவைக்கும் ‘காயில்’ என்ற குழாய்ச் சுருள் முழுக்க வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி. செம்புக் குழாயின் மேலும் விரல் கனத்துக்கு உறைந்திருந்தது. மூன்று வழிகளில் இரண்டு மூடிவிட்டதால் காயில் வழியாகப் போக வேண்டிய காற்று போகவில்லை, மெஷினோ நிற்காமல் ஓடியிருக்கிறது, அதனால்தான் உறைந்தது என்றார். மிஞ்சும் காற்று திரும்பிப் போக ஒரு மாற்றுவழியாவது வைத்திருக்க வேண்டுமாம். அதையும் வைக்கவில்லை. இன்னும் சில நாள் இப்படி ஓடியிருந்தால் கம்ப்ரசரே போயிருக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் அண்ணன். வீடியோ காலில் சுவரில் இருந்த பெட்டியைக் காட்டினேன். திரையின் மூலையில் சின்னதாகத் தீச்சுடர் படம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பார்த்ததும் அண்ணன் அதிர்ந்துவிட்டார். “இது எங்கள் வீட்டு ஹீட்டிங்குக்கு மாட்டும் பெட்டி அல்லவா?” என்றார்.

அங்கே பாய்லரில் தண்ணீரைச் சூடாக்கி, அறைக்கு அறை சுவரோரம் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறார்கள். 19 டிகிரி வைத்திருந்தால், அறை அதற்குக் கீழே போகும்போது பெட்டி அந்த அறையின் வால்வைத் திறந்து பாய்லரை எரியவிடும்; 19 வந்ததும் நிறுத்தும். குளிர்ந்தால் ஓடு, சூடானால் நில். அந்தக் கருவிக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். ஏசிக்கு வேண்டியதோ நேர் எதிரான வேலை. பல மாடல்களில் இரண்டு வேலைகளுக்கும் மாற்றிக்கொள்ள வழி இருக்கும். எங்கள் சுவரில் மாட்டியதில் அது இல்லை. அப்பா அம்மா அறை குளிரக் குளிர, ‘இங்கே சூடு போதவில்லை’ என்று அது இன்னும் காற்றைத் திறந்துவிட்டிருக்கிறது. கொதித்துக்கொண்டிருந்த மகன் அறையை ‘இங்கே சூடு போதும்’ என்று மூடிவைத்திருக்கிறது. மார்கழியிலும் போர்வை தேவைப்படாத ஊரில், வீட்டைச் சூடாக்கும் கருவியை 84,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். முதல் நாள் குளிர்ந்தது எப்படி என்று கேட்டதற்கு, அளவை 35-ல் வைத்திருப்பார்கள், எல்லா அறையும் அதற்குக் கீழேதானே என்றார் அண்ணன். அப்படியானால் மாட்டியவர்களுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

அதன் பிறகு கடைக்காரர் பேச்சே வேறு. முதலில், உங்கள் ஏசி பழசு, அதில்தான் கோளாறு என்றார். பிறகு, சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்தால்தான் பார்க்க முடியும் என்றார். எந்த இன்ஜினியரும் வரவில்லை. ஆப்பில் நுழைந்து நாங்களே ஏதாவது செய்யலாம் என்றால், மொத்த சிஸ்டமும் கடைப் பையனின் இமெயிலில் பதிவாகியிருக்கிறது. பாஸ்வேர்டு கேட்டால், அவன் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்கிறார். கடைக்கே போய் நின்றேன். “அக்கா, டெக்னிக்கல் விஷயம் உங்களுக்குப் புரியாது. வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்” என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார். மஞ்சள் சீட்டை நீட்டினேன். “இது எஸ்டிமேட். பில் இல்லாமல் வாரண்டி கிடையாது” என்றார். அந்தப் பில்லைக் கொடுக்காதவர் யார்? கடைசியாக அப்பா பேசினார். நள்ளிரவிலும் வந்து நிற்பேன் என்றவர், “ஐயா, மீட்டிங்கில் இருக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது மெக்கானிக் அந்தப் பெட்டிகளின் இணைப்பைத் துண்டித்து, ஒரு சாதாரண சுவிட்ச் போட்டுக் கொடுத்திருக்கிறார். காற்று வழிகள் மூன்றையும் கையால் திறந்து வைத்திருக்கிறார். இரவில் அம்மா எழுந்து எழுந்து அணைக்கிறார். 84,000 ரூபாய் செலவழித்த பிறகு, பழைய தெர்மோஸ்டாட்கூட இல்லாத நிலை.

வாங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். பெட்டி ஏசிக்கா, ஹீட்டிங்குக்கா என்று அட்டையிலும் கையேட்டிலும் பாருங்கள். உங்கள் ஏசி மாடல் எண்ணை எழுதி, இதற்குப் பொருந்தும் என்று கையெழுத்து வாங்குங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். புதுச்சேரிக் கடை என்றால் அந்த எண் 34 என்று தொடங்கும், தமிழ்நாடு என்றால் 33. ஆப் உங்கள் போன் நம்பரில் பதிவாக வேண்டும். கழற்றிய பழைய சாமானை வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். ஏமாந்திருந்தால் 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். இன்னும் எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது.

நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தால் போதும். யுபிஐ ரசீது, மஞ்சள் சீட்டு, பனிக்கட்டி பிடித்த காயிலின் படம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துவிட்டேன். நாளை வக்கீல் நோட்டீஸ் போகிறது. கடைக்காரர் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: எங்களுக்கு 84,000 ரூபாயும் வேண்டும், கழற்றிக்கொண்டு போன பழைய தெர்மோஸ்டாட்டும் வேண்டும்.