பிராகில் பணம் மாற்றப் போகிறீர்களா? 3 மணி நேரத்தை மறக்காதீர்கள்

பிராக் போகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே பணம் மாற்றும் கடையில் யூரோவைக் கொடுத்து அந்த நாட்டுப் பணமான கொருனா வாங்கிய பிறகு ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், 3 மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் மாற்றியதை ரத்து செய்யலாம். 1,000 யூரோ வரைக்கும் இந்த உரிமை உண்டு. செக் குடியரசில் 2019 ஏப்ரலிலிருந்து இது சட்டம். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், கட்டணமும் கிடையாது. ரசீதையும் அவர்கள் கொடுத்த பணத்தையும் கொண்டுபோனால் போதும். எனக்கு இது தெரியவந்தபோது 7 மணி நேரம் கடந்திருந்தது.

நானும் அம்மாவும் வியன்னாவிலிருந்து ரயிலில் பிராக் வந்தோம். டூர் கம்பெனி இல்லை, குழு இல்லை. டிக்கெட், தங்குமிடம் எல்லாம் நானே போட்டது. செக் நாடு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது யூரோ இல்லை, கொருனா. எங்கள் கையில் இருந்ததோ வியன்னாவில் செலவானது போக மிச்சமிருந்த யூரோ. பழைய நகரச் சதுக்கத்தில் 12 மணிக்கு அந்த வானியல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினோம். 1410-இல் செய்த கடிகாரம். மணி அடிக்கும்போது எலும்புக்கூட்டுப் பொம்மை மணிக்கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சின்ன ஜன்னல் வழியாக இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் வரிசையாகத் தலைகாட்டிவிட்டுப் போவார்கள். அம்மா இதை எப்போதோ பத்திரிகையில் படித்து ஞாபகம் வைத்திருந்தார்.

போகும் வழியில்தான் அந்தக் கடை. வாசலில் ஆளுயரத்துக்குப் பலகை: கமிஷன் 0%. உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். விலைப்பட்டியலில் யூரோவுக்கு எதிரே 25.90 என்று பார்த்தேன். அன்றைக்கு ஒரு யூரோ ஏறக்குறைய 25 கொருனா என்று போனில் பார்த்து வைத்திருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஆரஞ்சு நிற 50 யூரோ நோட்டு நாலு எடுத்துத் தடுப்புக்கு அடியில் தள்ளினேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணினார், தட்டினார், ரசீதோடு நோட்டுகளைத் தள்ளினார். 2,000 ஒன்று, 1,000 ஒன்று, 200 இரண்டு. மொத்தம் 3,400.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார். "என்னடி, இவ்வளவுதானா?"

"ஆமாம்மா, டூரிஸ்ட் இடம்ல, கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்" என்றேன். கடிகாரத்துக்கு இன்னும் சில நிமிடம்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் கேட்ட கேள்வி அது. அங்கேயே நின்று அவரிடம் ரசீதைக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

நான் பார்த்த 25.90, அவர்கள் நமக்கு யூரோ *விற்கும்* விலை. நம்மிடமிருந்து வாங்கும் விலை பக்கத்துக் கட்டத்தில் இருந்தது: 17. கமிஷன் 0% என்பது பொய்யில்லை, அவர்களுக்குக் கமிஷனே தேவையில்லை. 200 யூரோவுக்கு 5,000 கொருனா வர வேண்டிய இடத்தில் 3,400. போனது 1,600 கொருனா. எங்கள் இரண்டு பேருக்கும் நாலு நாள் மதியச் சாப்பாட்டுக் காசு.

அன்று மாலை 7 மணிக்கு விடுதிக்குத் திரும்பினோம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து 200 கொருனா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் தாடி வைத்த பெரியவர். பின்பக்கம் ஒரு பெரிய கையும் குழந்தையின் சின்னக் கையும் ஒன்றையொன்று தொடப் போகிற மாதிரி ஒரு படம். அந்தப் பெரியவர் கொமென்ஸ்கி, 17-ஆம் நூற்றாண்டில் குழந்தைகளுக்கு எப்படிப் பாடம் சொல்ல வேண்டும் என்று யோசித்து எழுதிய கல்வியாளர் என்று போனில் படித்துச் சொன்னேன். ஒரு வாத்தியார் படத்தை நோட்டில் போட்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான், "இப்படி எத்தனை நோட்டு வந்திருக்கணும், சொல்லு பார்க்கலாம்" என்றார். கணக்குப் போட்டேன். வயிற்றைப் பிசைந்தது.

ரசீதை எடுத்துக்கொண்டு கீழே வரவேற்பறைக்கு ஓடினேன். அங்கிருந்த பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு மூலையில் இருந்த சின்ன எழுத்தில் விரலை வைத்தான். 11:52. "2:52-க்குள் வந்திருந்தால் நானே கூட வந்திருப்பேன்" என்றான். மூன்று மணி நேரச் சட்டத்தை அவன் சொல்லித்தான் அறிந்தேன்.

அதனால் சொல்கிறேன். கண்ணாடிக்கு அடியில் பணத்தைத் தள்ளுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த 200 யூரோவுக்கு என் கைக்கு எத்தனை கொருனா வரும்? எழுதிக் காட்டச் சொல்லுங்கள், போன் கால்குலேட்டரில் சரிபாருங்கள். பலகையை நம்ப வேண்டாம். கடை வாசலில் நின்று "உள்ளே ரேட் மோசம், நான் கூடுதலாகத் தருகிறேன்" என்று நல்லவர் போலப் பேசுகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். தெருவில் மாற்றுவது அங்கே சட்டவிரோதம். பெலாரஸின் செல்லாத பழைய நோட்டையோ மதிப்புக் குறைந்த ஹங்கேரி நோட்டையோ மடித்துக் கையில் திணித்துவிட்டு மறைந்துவிடுவார்கள். அதை மீட்க எந்த 3 மணி நேரமும் உதவாது.

உண்மையில் பிராகில் பணமாகக் கையில் வைத்திருக்க வேண்டிய தேவையே குறைவு. டிராமுக்குள்ளேயே கார்டைக் காட்டி டிக்கெட் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. சின்ன காபிக்கடையிலும் கார்டு வாங்குகிறார்கள். கொஞ்சம் பணம் வேண்டும் என்றால் வங்கியை ஒட்டிய ஏடிஎம்மில் எடுங்கள், சுற்றுலாத் தெருக்களில் கடைக்குக் கடை நிற்கும் தனியார் ஏடிஎம்மில் வேண்டாம். எந்த ஏடிஎம்மாக இருந்தாலும் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்பதை அழுத்துங்கள். கொருனாவிலேயே கணக்கு போகட்டும். சம்மதித்தால் அந்த இயந்திரம் வைத்ததுதான் ரேட்.

சதுக்கத்தில் இன்னொன்று. கட்டையில் சுழன்று வேகும் பன்றி இறைச்சிக் கடைகளில் பெரிதாக எழுதியிருப்பது 100 கிராமின் விலை. நான் 119 என்று பார்த்து "கொஞ்சம்" என்றேன். வெட்டி வைத்தது 380 கிராம், கேட்டது 452 கொருனா. சரி, ருசியாக இருந்தது, ஆனால் எடையைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்திலேயே சர்க்கரை தூவி விற்கும் உருளை ரொட்டி ட்ரெடெல்னிக்கைப் பழைய பொஹீமிய (செக் நாட்டுப் பகுதி) பலகாரம் என்று எழுதி வைத்திருப்பார்கள். அது ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சா ஊர்ப் பலகாரம். பிராக் தெருக்களில் இப்படிப் பெருகியது சமீபத்தில்தான். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டுமானால் சதுக்கத்தைத் தாண்டி நாலு தெரு நடந்து, வார நாளில் மதியம் "டென்னி மெனு" (அன்றைய சாப்பாடு) என்று எழுதிய இடத்தில் நுழையுங்கள். கறி, மீன் தொடாத அம்மாவுக்கு அங்கேதான் ஸ்மாஷெனி சீர் கிடைத்தது. தடிமனான சீஸ் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து உருளைக்கிழங்கோடு வைப்பார்கள். கத்தி வைத்ததும் உள்ளே இருந்து சீஸ் வழிந்தது. மறுநாளும் அதையே கேட்டார்.

மறுநாள் காலை மனசு கேட்காமல் அந்தக் கடைக்கே போனேன். அதே பெண். ரசீதில் நேரத்தைக் காட்டினார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நேரம் தவறிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே வந்து நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் வயதான கொரியத் தம்பதி வெளியே வந்தார்கள். அந்த அம்மாள் நோட்டுகளை விசிறி போல விரித்து எண்ணிக்கொண்டிருந்தார். முதல் நாள் என் அம்மா பார்த்த அதே பார்வை. ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். 300 யூரோ, 5,100 கொருனா, நேரம் 10:21. அப்போது மணி 10:25. போனில் கொரிய மொழியில் மாற்றிக் காட்டினேன். அந்த ஐயா படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கூடத் திரும்பி உள்ளே வந்தார்.

ரத்து செய்ய வேண்டும் என்றேன். முடியாது என்றார் அந்தப் பெண். 3 மணி நேரச் சட்டம், இந்தக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி, புகார் அங்கேதான் போகும் என்று நிதானமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் ஒரு படிவத்தைத் தள்ளினார். ஐயா கையெழுத்துப் போட்டார். இழுப்பறை திறந்தது, பச்சை நிற 100 யூரோ நோட்டு மூன்று கண்ணாடிக்கு அடியில் வெளியே வந்தது. அம்மா வாசலில் நின்றபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்.