கையால் அடிக்கும் இன்ஜெக்டர் டெஸ்டர்: ரீபில்டுக்குத் தாராளம், மாடிஃபிகேஷனுக்குப் பத்தாது

பழைய மெக்கானிக்கல் டீசல் இன்ஜெக்டரை, அதாவது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகத்தை, வீட்டிலேயே பிரித்துப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குத்தான் இந்த டெஸ்டர். காமன் ரயில் (புதுவகை டீசல் சிஸ்டம்) வண்டி வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், அங்கே பிரஷர் 1,600 பாருக்கு மேலெல்லாம் போகும், கூடவே எலெக்ட்ரானிக்ஸ் வேறு, இந்தக் கைப்பம்புக்கு அங்கே வேலையே இல்லை.

நான் வாங்கியது பெயரில்லாத சரக்கு. பம்பு கெட்டியாக இருக்கிறது, கைப்பிடி நீளம் என்பதால் அடிக்கச் சிரமமில்லை. கேஜ்தான் சொதப்பல். 400 பார் வரை காட்டுகிறது, சரி, ஆனால் பழைய பென்ஸ் ஓஎம்617 டர்போ இன்ஜினின் இன்ஜெக்டர் திறக்க வேண்டிய 135 முதல் 145 பார் பக்கம் கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நாம் தேடுவதோ ஐந்து பார் வித்தியாசம். நல்ல கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிவிடுங்கள்.

மற்றபடி ரீபில்டுக்கு அருமையான சாமான். ஸ்பிரிங்குக்கு மேல் உட்காரும் ஷிம்மில் (மெல்லிய தகட்டில்) 0.05 மி.மீ. கூட்டினாலே திறக்கும் பிரஷர் சில பார் ஏறும். ஷிம் மாற்று, பூட்டு, அடித்துப் பார், திரும்பப் பிரி, இதுதான் வேலை, பொறுமை இருந்தால் எல்லா இன்ஜெக்டரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். அப்புறம் கசிவு: திறக்கும் பிரஷருக்கு 20 பார் கீழே நிறுத்தி, பத்து விநாடி நாசில் (டீசல் வெளியே வரும் முனை) நுனியையே பாருங்கள். லேசாக ஈரம் கட்டினால் பரவாயில்லை, சொட்டாகத் திரண்டு விழுந்தால் நீடில் (உள்ளே இருக்கும் ஊசி) உட்கார்ந்து மூடும் சீட் போய்விட்டது என்று அர்த்தம். நல்ல நாசில் மெதுவாக அடித்தாலே கரகரவென்று அதிர்ந்து புகைபோலப் பீய்ச்சும். கழுவும்போது ஒரு நாசிலின் நீடிலை இன்னொன்றில் போட்டுவிடாதீர்கள், இரண்டும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை.

பெரிய நாசில் போட்டு பவர் ஏற்றப் போகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம். எந்த பிரஷரில் திறக்கிறது, எப்படிப் பீய்ச்சுகிறது, இதற்கு மேல் இந்த டெஸ்டர் எதையும் சொல்லாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்பது இதில் தெரியாது, அதற்கு அந்த அளவை அளந்து காட்டும் ஃப்ளோ பெஞ்ச் வேண்டும். எல்லா இன்ஜெக்டரும் ஒரே பிரஷரில் திறந்தாலும் ஒன்று மட்டும் அதிகம் ஊற்றினால் அந்தப் பிஸ்டன்தான் முதலில் வேகும். ‘பாப் டெஸ்ட் செய்தது’ (இப்படி டெஸ்டரில் அடித்துப் பார்த்தது) என்று பெரிய நாசில் விற்பவர்களிடம் ஃப்ளோ அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பீய்ச்சும்போது கையை மட்டும் குறுக்கே நீட்டாதீர்கள். அந்த பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராது, ஆனால் அது அவசர ஆபரேஷன் கேஸ். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு ஒரு தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் பீய்ச்ச விடுங்கள்.

பெட்டியில் எம்14 அடாப்டர்தான் வந்தது. உங்கள் இன்ஜெக்டர் எம்12 மரை என்றால் ஆர்டர் போடும்போதே கேட்டுவிடுங்கள்.