மாடியா, ரயில் கூடையா, கோயம்பேடா? கோடைச் சமையலுக்கு எந்தக் காய் எங்கே

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டுச் சமையல் மாறிவிடும். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேடு துறைமுகத்தில் சின்ன ஃபைபர் படகு மீன் வரும், ஆனால் விலை கைக்கு எட்டாது. வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பு கொதித்த அடுப்பில் ஒரு நாள் கொதித்தால் பெரிது. போதாததற்கு வெயில் வேறு. வடசென்னை கொருக்குப்பேட்டையில் நாங்கள் அஞ்சு பேர்: அத்தை, நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். அந்த இரண்டு மாதமும் காய்கறியை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

எங்களுக்குக் காய் வரும் வழி மூன்று. மாடியில் வைத்திருக்கும் 14 பைகள். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் இருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் கூடையோடு வந்து இறங்கும் ஆயாக்கள். அப்புறம், கோயம்பேடு மொத்த மார்க்கெட்டில் எடுத்துவந்து விற்கும் தெருமுனைக் கடை. நாலு கோடையாக மூன்றையும் கலந்துதான் சமைக்கிறேன். எது நல்லது என்று பக்கத்து வீட்டில் கேட்டால், இன்றைக்கு என்ன சமையல் என்று திருப்பிக் கேட்பேன். குழம்புக்குக் குழம்பு பதில் மாறும்.

கீரையில் என் ஓட்டு மாடிக்குத்தான். முளைக்கீரை விதை தூவினால் 25 நாளில் பறிக்கலாம். வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ளினால் அதே பையில் இன்னும் இரண்டு முறை தழையும். காலை ஆறரை மணிக்குக் கிள்ளி, ஏழு மணிக்குச் சட்டியில் போட்டுப் பாருங்கள். நாலு பல் பூண்டு, ஏழெட்டுச் சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கை அளவு தண்ணீர். மூடாமல் வேகவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் தண்டு கூட மசியும். உப்பு போட்டு மத்தால் நாலு சுற்று சுற்றினால் கடைசல் கரும்பச்சையாக, வழுவழுவென்று நிற்கும். நேற்றைய கட்டுக் கீரைக்குப் பத்து நிமிஷம் ஆகும், தண்டில் நார் தட்டும், நிறமும் பழுத்த இலை மாதிரி மங்கிவிடும். கீரை பறித்த நேரத்தில் இருந்தே வாட ஆரம்பிக்கிறது. அதில் இருக்கும் வைட்டமின் சி-யும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். மே மாத வெயிலில் அந்த ஓட்டம் இன்னும் வேகம்.

ஆனால் அஞ்சு பேருக்குக் கடைசல் வைக்க இரண்டு கட்டு வேண்டும். என்னுடைய கீரைப் பைகளில் அந்த அளவு கிடைப்பது பத்து நாளுக்கு ஒரு முறைதான். மற்ற நாளுக்கு ரயில் கூடை. ஸ்டேஷன் வாசலில் உட்காரும் ஆயாவிடம், "எப்போ பறிச்சது ஆயா?" என்று தினமும் கேட்பேன். "நேத்து சாயந்தரம் பறிச்சு ஈரச் சாக்குல சுத்தி வெச்சேன் கண்ணு, விடியக்காலம் மொத ரயிலு" என்பார். கட்டைப் பிரித்தால் நடுவில் இன்னும் ஈரம் இருக்கும். செங்குன்றம், சோழவரம் பக்கத்தில் விளையும் கீரை கோயம்பேட்டுக்குப் போய், அங்கே இறங்கி, கைமாறி, மறுபடி வண்டியேறி வடசென்னைக்கே திரும்பி வருவதும் உண்டு. நம் வீட்டுக்கு வடக்கே விளைந்த கீரை ஊரைச் சுற்றிவிட்டு வாடிப்போய் வாசலுக்கு வருவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது. அதனால் தெருமுனைக் கடையில் கீரை மட்டும் வாங்குவதே இல்லை.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம் மாடியில் வளர்ந்தது என்பதற்காகக் கழுவாமல் போடக் கூடாது. ஆலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் இலை மேல் விரலை வைத்து இழுத்தால் விரல் நுனி கறுத்து வரும். கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அப்புறம் இரண்டு தடவை அலசித்தான் சட்டிக்குப் போகும்.

வெண்டைக்காயில் மாடியும் கூடையும் கிட்டத்தட்ட சமம். வெண்டைச் செடிக்கு வெயில் பிடிக்கும். விதை ஊன்றி 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் செடிக்கு ஒரு காய் வரும். என்னிடம் நாலு செடி. பொரியலுக்கு அரைக் கிலோ வேண்டும் என்றால் வாரக் கணக்கில் சேர்த்து வைக்க வேண்டும், அதற்குள் முதலில் பறித்தது வாடிப் போகும். இரண்டு வருஷம் இப்படி வாட விட்டுத்தான் புத்தி வந்தது. இப்போது காய்க்கு ஏற்ற மாதிரி குழம்பை மாற்றிக்கொண்டேன். எட்டு வெண்டைக்காய் இருந்தால் மோர்க்குழம்பு வைத்துவிடலாம். நீளவாக்கில் நறுக்கி நல்லெண்ணெயில் வழுவழுப்புப் போக வதக்கி, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துக் கலக்கிய புளித்த மோரில் போட்டு, நுரை கட்டியதும் இறக்கினால் அஞ்சு தட்டுக்கும் காய் வரும். பொரியல் வேண்டும் என்ற நாளில் கூடையில் வாங்குகிறேன். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் வேண்டாம்.

தக்காளியில் மாடி தோற்றது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர ஆரம்பிக்கும், இரவும் புழுங்கினால் இன்னும் மோசம். சென்னையில் ஏப்ரல், மே இரண்டும் அப்படித்தான். முதல் கோடையில் ஆறு பை தக்காளிக்கு ஒதுக்கி, பச்சை நிழல்வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, கடைசியில் ஒரு கைப்பிடி பழம் பறித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் நாற்று நட்டால் தைக்கு மேல் நன்றாகக் காய்க்கிறது. கோடைக்கு அது ஆகாது. சென்னைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி கிருஷ்ணகிரி, மதனப்பள்ளி, கோலார் பக்கத்தில் விளைவது. அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைக் கோயம்பேடு ஒழுங்காகச் செய்கிறது. தெருமுனைக் கடையில் நாட்டுத் தக்காளியாகப் பொறுக்கி வாங்கிக்கொள்கிறேன்.

வாங்கும் அளவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கோடை என்றால் மாங்காய்க் காலம். சாம்பார், பருப்பு, குழம்பு மூன்றிலும் தக்காளியின் புளிப்பை மாங்காய் ஈடுகட்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்ற சமயத்தில் எங்கள் வீட்டில் ரசத்துக்கு மட்டும்தான் தக்காளி. மற்றதெல்லாம் மாங்காயும் புளியும்தான். பிள்ளைகள் கேட்கக்கூட இல்லை.

மாங்காய், முருங்கைக்காய், கத்திரிக்காய் மூன்றும் கூடைக்குத்தான். இதில் வேறு எதையும் நான் பேச விடமாட்டேன். மீன் இல்லாத இந்த 61 நாளில் எங்கள் பக்கத்து வீடுகளைக் காப்பாற்றுவது கருவாடு. கருவாட்டுக் குழம்புக்கு உயிர் கொடுப்பது இந்த மூன்று காய். ஆயா கொண்டுவரும் கத்திரி சின்னதாக, வரி ஓடி, காம்பு பச்சையாக இருக்கும். அழுத்தினால் விரல் பதியாது. நாலாக வகிர்ந்து, கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு பெரிய துண்டாக நறுக்கி வைத்து, முருங்கையை விரல் நீளம் வெட்டி, புளியைப் பாதியாகக் குறைத்துக் கரைத்துவிட வேண்டும். சுடுதண்ணீரில் அலசிய கருவாடு காய் முக்கால் பதம் வெந்த பிறகுதான் சட்டிக்குள் போகும். மாங்காயைக் கடைசி அஞ்சு நிமிஷத்தில் போட்டால் குழையாது. இந்தக் குழம்பு மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் இன்னும் ருசி. பெரிய கத்திரிக்காயை வைத்து நான் இதைச் செய்து பார்த்தேன். விதை தனியாக, தோல் தனியாக மிதந்தது.

முருங்கை கோடையில் மலிந்து கிடக்கும். தெருவில் யார் வீட்டிலாவது ஒரு மரம் இருக்கும், கீரைக்குக் காசே இல்லை. சுரைக்காய், பூசணி, வெள்ளரி இதெல்லாம் எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. எடை அதிகம், வீட்டுக்குப் பக்கத்தில் வாங்குங்கள்.

கோயம்பேட்டை நான் குறைத்துப் பேசவில்லை. 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போகும் வரை கொத்தவால்சாவடிக்கு அத்தை நடந்தே போய் வருவார். "ரெண்டு பை நெறைய வாங்கியாருவேன், ஒரு வாரம் ஓடும்" என்று இப்போதும் சொல்வார். வெங்காயம், உருளை, கேரட், பீன்ஸ் எல்லாம் மலையில் இருந்தோ வெளி மாநிலத்தில் இருந்தோதான் வர வேண்டும். கோடையில் பீன்ஸ் விலை ஏறும்போது நான் அதை விட்டுவிட்டுக் கொத்தவரங்காய்க்கு மாறிவிடுவேன். கொத்தவரை வெயிலுக்குப் பிறந்த செடி, மாடியில் இரண்டு பையில் வைத்தால் தொல்லை இல்லாமல் காய்க்கிறது. மிஞ்சினால் உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு மொட்டை மாடியில் காயப்போட்டு வற்றலாக்கி விடலாம்.

உழவர் சந்தையையும் சொல்ல வேண்டும். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம், விவசாயி நேரடியாக விற்கும் இடம். எங்களுக்குக் கிட்டத்தில் அம்பத்தூரும், செங்குன்றத்தை ஒட்டிய நாரவாரிக்குப்பமும்தான். கொளத்தூர், மாதவரத்தில் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. எனக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், வெயிலுக்கு முன் திரும்ப முடியாது.

இனி மாடியின் உண்மையான செலவு. பணத்தை விட அது தண்ணீர்தான். மே மாதத்தில் ஒரு பைக்குத் தினம் இரண்டு லிட்டர் ஆகிறது. 14 பைக்கு 28 லிட்டர், அதாவது இரண்டு குடம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் வீட்டில் இரண்டு குடம் என்பது சின்ன விஷயம் இல்லை. 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்ட கோடையில் செடி வைத்திருந்த எத்தனையோ வீடுகளில் பைகளைக் கவிழ்த்துவிட்டார்கள். அது தப்பே இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது செடிக்கு எங்கே போவது? எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதையே தொடர்ந்து ஊற்றினால் இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரும் அப்படித்தான், உப்பு அதில் இன்னும் கூடுதல். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரையும் கீரை அலசியதில் உப்புப் போடாத கடைசித் தண்ணீரையும் ஒரு வாளியில் சேர்த்தால் பைகளில் பாதி நனைந்துவிடும். பை மண் மேல் காய்ந்த தென்னை நாரைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். நனைந்த பை ஒவ்வொன்றும் நல்ல கனம். நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒழுகும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித் தோட்டத் தளையில் (கிட்) பை, தென்னை நார்க் கட்டி, விதை எல்லாம் சேர்ந்தே வரும், தொடங்குகிறவர்களுக்கு அது போதும். மாடி இல்லாத குடித்தனம் என்றால் ஜன்னல் கம்பியோரம் ஒரு கறிவேப்பிலை, இரண்டு மிளகாய், ஒரு தொட்டி புதினா. மோரில் கிள்ளிப் போடும் கறிவேப்பிலை அப்போதுதான் பறித்ததாக இருந்தால் அந்த வாசனையே வேறு.

இந்த வருஷம் 14 பையில் தக்காளிக்கு ஒன்றுகூட இல்லை. கீரைக்கு அஞ்சு, வெண்டைக்கு நாலு, கொத்தவரைக்கு இரண்டு, மிளகாய்க்கு இரண்டு. மீதி ஒரு பை காலியாக இருந்ததை ஆயாவிடம் சொன்னேன். பொன்னாங்கண்ணிக் கட்டு வாங்கியபோது, "எலைய ஆஞ்சுட்டு தண்ட எறியாத கண்ணு, ஊனி வை" என்றார். நேற்று சாயந்தரம் நல்ல தண்டாக ஆறு பொறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, அத்தையின் பழைய சேலையை நிழலுக்குக் கட்டியிருக்கிறேன்.