ஒரு பெட்டி, இரண்டு எஸ்எஸ்டி: ரிச்சி தெருவில் வாங்கிச் சேர்த்த என் டூயல் பூட் கணினி

புதுக் கணினி வாங்கும் எண்ணமே எனக்குக் கிடையாது. நான்காம் தலைமுறை ஐ5 ஒன்று பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தது, புத்தக வடிவமைப்பு வேலைக்கு அது தாராளம். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அது சேர்த்துக்கொள்ளாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேறு கேட்கும். முழுசாக லினக்ஸுக்கு வந்துவிடு என்றார்கள் நண்பர்கள். பாதி நாள் நான் அங்கேதான் இருக்கிறேன். பழைய எழுத்துருவில் வரும் கோப்புகளை யூனிகோடாக மாற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட் எல்லாம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டில்தான் ஓடுகிறது. ஆனால் பதிப்பகத்தார் கேட்பது அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் கோப்பு, லினக்ஸில் ஓடும் இன்டிசைன் என்று ஒன்று கிடையாது. ஆகவே இரண்டும் வேண்டும், ஒரே பெட்டியில். இதைத்தான் டூயல் பூட் என்பார்கள்.

வாங்கியவை இவை. ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், 1 டிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்) ஒன்று, 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட். கிராபிக்ஸ் கார்டு இல்லை. 2025 கடைசியில் ராம் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்த நேரம், பில்லில் அந்த ஒரு வரியைப் பார்க்கத்தான் இன்னும் வயிறு எரிகிறது. மற்றதெல்லாம் பரவாயில்லை.

கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்றதும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நான் போன நாலு கடையிலும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். 7600க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. கேம் ஆடக் காணாது, பக்க வடிவமைப்புக்கும் இரண்டு மானிட்டருக்கும் போதும். லினக்ஸ் பக்கம் இதில் பெரிய நிம்மதி, ஏஎம்டி கிராபிக்ஸுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். கிராபிக்ஸ் கார்டுக்குப் பெயர்போன என்விடியாவை ஒதுக்கச் சொல்லவில்லை. 2012இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸோடு ஒத்துழைக்கவில்லை என்று பின்லாந்தில் ஒரு மேடையில் அந்த நிறுவனத்துக்கு நடுவிரல் காட்டிய காலம் போய், 2022இல் அவர்களே தங்கள் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டுவிட்டார்கள். பிளெண்டரில் முப்பரிமாணப் படம், ஏஐ மாடல் என்று வேலை செய்கிறவர்களுக்கு என்விடியாதான் சரிப்படும். எனக்கு அந்த வேலை இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஏஎம்டியில் பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தால், உதாரணமாக 7500எஃப், உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இரண்டாயிரம் மிச்சம் என்று அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

கறுப்புத் திரை என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லாம் மாட்டி முதல் தடவை பட்டனை அழுத்தியபோது ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், போச்சுடா என்று கையை வைத்து அணைக்கப் போனேன். நல்லவேளை அணைக்கவில்லை. டிடிஆர்5 போர்டுகள் முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். எழுந்து போய் டீ போடுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஓஎஸ் (இயங்குதளம்) ஓட்டுவதற்கு வேகமான பிராசஸர் தேவையில்லை. தேவை, எஸ்எஸ்டி சொருகும் எம்.2 ஸ்லாட் இரண்டு உள்ள போர்டு. கடையில் யாரும் கேட்காத கேள்வி இதுதான், நான் காசு கொடுத்ததில் உருப்படியானதும் இதுதான்.

பழைய பெட்டியில் ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைத்திருந்தேன். பூட்டுக்கான கோப்புகள் இருக்கும் அந்தச் சின்னப் பகுதியை விண்டோஸ் வழக்கமாக 100 எம்பி அளவில் உருவாக்கும், லினக்ஸும் அதற்குள்ளேயேதான் குடிபோக வேண்டும். ஒருநாள் ராத்திரி இடம் போதவில்லை என்று பார்டிஷன்களை, அதாவது டிஸ்க்கின் பகுதிகளை, சரிசெய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, தவறான வரியைத் தேர்ந்தெடுத்து அந்தப் பூட் பகுதியை நானே அழித்தேன். இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே நொடியில் காலி. குற்றம் முழுக்க என்னுடையது. ஆனால் இரண்டு டிஸ்க் இருந்திருந்தால் ஒன்றாவது பிழைத்திருக்கும்.

இந்த முறை செய்தது: 500 ஜிபியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, 1 டிபியை மட்டும் மாட்டி விண்டோஸ் நிறுவினேன். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு மற்றதில் மின்ட். ஏன் இந்தக் கழற்றல் மாட்டல் என்றால், இன்னொரு டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பகுதி இருந்தால் விண்டோஸ் நிறுவி தன் கோப்புகளையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு ஒன்றைக் கழற்றினால் இரண்டும் எழுந்திருக்காது. இப்போது கணினியைத் திறக்கும்போது எஃப்12ஐ அழுத்தினால் எந்த டிஸ்க் என்று கேட்கிறது, எந்த விசை என்பது போர்டுக்குப் போர்டு மாறும். பூட் ஆகும் விஷயத்தில் ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது.

அடுத்தது வைஃபை. போர்டோடு வந்த சிப் மிகப் புதுசு, நான் பென்டிரைவில் வைத்திருந்த மின்ட்டின் கெர்னல் அதைவிடப் பழசு, இரண்டுக்கும் அறிமுகமே இல்லை. செல்போனை யூஎஸ்பியில் சொருகி அதன் இணையத்தில்தான் அன்று வேலையை முடித்தேன். மறுநாள் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு தேடிப் போனேன், லினக்ஸில் அது சொன்னபடி கேட்கும். ஒரு கடையில் ஏஎக்ஸ்211ஐ எடுத்துக் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது லேட்டஸ்டு" என்றார் தம்பி. ஒன்று இல்லை. 211 பாதி வேலையை இன்டெல் போர்டில் இருக்கும் சிப்செட்டிடம் விட்டுவிடும் கார்டு, ஏஎம்டி போர்டில் அது வெறும் தகடு. 210 தனியாக இயங்கும். பார்க்க இரண்டும் ஒரே அளவு, ஒரே ஸ்லாட், பொருந்தவும் பொருந்தும், அதுதான் வில்லங்கம். மூன்றாவது கடையில் 210 கிடைத்தது.

கடைக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலக் கொடுத்த இன்னொரு யோசனை, "லினக்ஸ் போடணும்னா செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க". கையொப்பம் இல்லாத பூட் கோப்பைத் தடுக்கும் பாதுகாப்புதான் செக்யூர் பூட். மின்ட், உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் மூன்றுக்கும் அதை அணைக்கத் தேவையில்லை, அவற்றின் பூட் கோப்பு மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தோடுதான் வருகிறது. ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட் கோப்புகளை ஏற்க மறுத்து, டூயல் பூட் வைத்திருந்த பலரைத் தவிக்க விட்டதும் உண்மைதான். அப்படி ஆனால் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸை அப்டேட் செய்து, மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இப்போதெல்லாம் விண்டோஸ் 11 மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவினால் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டிவைக்கிறது, போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் செக்யூர் பூட்டைத் தொட்டால் சாவி கேட்கும்.

நிறுவிய பிறகு இரண்டு சில்லறை வேலை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது உண்மையில் அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுத விடாது. இன்னொன்று நேரம். கணினியின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும், லினக்ஸ் கிரீன்விச் கணக்கில் படிக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் நமக்குச் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகும். மின்ட்டில் ஒரு வரிக் கட்டளையில் தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவான கோப்புகளுக்கு 1 டிபியில் ஒரு பகுதியை, இரண்டு ஓஎஸ்ஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் வடிவில் வைத்திருக்கிறேன். மெய்ப்புப் பிரதி, படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் அதில். ஸ்கிரிப்ட்டை மட்டும் அங்கே வைப்பதில்லை, லினக்ஸின் அனுமதி விவரங்களை எக்ஸ்ஃபேட் நினைவில் வைத்துக்கொள்ளாது. விசைப்பலகை இரண்டிலும் தமிழ்99தான், அதனால் கைக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

குறை என்று பார்த்தால் போர்டின் விளக்கு அலங்காரம். நிறத்தை மாற்றும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் தந்திருக்கிறார்கள், லினக்ஸில் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் ஓபன்ஆர்ஜிபி மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், என் போர்டை அது கண்டுகொள்ளவில்லை. கடைசியில் பயாஸில் போய் மொத்தமாக அணைத்துவிட்டேன். ஃபேன் வேகத்தையும் பயாஸிலேயே அமைத்துவிட்டால் எந்த ஓஎஸ் ஆனாலும் ஒரே சத்தம். பிராசஸரோடு வந்த கூலரே போதும், தனியாக வாங்கவில்லை.

ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி ஜிஎஸ்டி பில் வாங்கினேன், 18 சதவீதம் வலிக்கத்தான் செய்கிறது, பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்ற கடையும் இருந்தது. எஸ்எஸ்டிக்கு ஐந்து வருட வாரண்டி, பில் இல்லாமல் யாரிடம் போய் நிற்பது?

அக்கா பையன் போன வாரம் வந்து பார்த்துவிட்டு வாலரன்ட் கேம் ஓடுமா என்றான். லினக்ஸில் அது ஓடாது, விண்டோஸ் 11இல் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இருந்தால்தான் திறக்கும். நான்தான் அணைக்கவில்லையே, திறந்தது. உள்ளே இருக்கும் கிராபிக்ஸில் எல்லாவற்றையும் குறைத்து வைத்து ஒரு மணி நேரம் ஆடினான், கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள் மாமா என்றான். ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது. ராம் விலை இறங்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.